வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதே

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதில் பாதி அழுகை. அழுகையை ஒதுக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்று இருக்கிறது. மேற்குத் தோட்டக்காரர் வரப்பை வெட்டித் தள்ளிப் போட்டுவிட்டு, அவரே ஸ்டேஷனில் மனுவும் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து அம்மாவைப் புதன்கிழமை வரச்சொல்லிப் போன் வந்திருக்கிறது. இது ஒன்று. உன் சித்தப்பா மகன் அம்மாவிடம் கடனாக வாங்கிய இரண்டு லட்சம் திரும்பவில்லை, அதற்கு யாரோ உன்னை "420 கேஸ் கொடு" என்கிறார்கள். இது இரண்டு. மூன்றாவது, உன் அண்ணன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறான். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிறாய்.

நான் வக்கீல் இல்லை. முன்சீப் கோர்ட்டில் கட்டு தேடி, வாய்தா எழுதி, சம்மன் தயார் செய்து ஓய்வு பெற்றவள். ஆனால் கோர்ட்டு வாசலுக்கு வருகிற சனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தன் பிரச்சினை சிவிலா கிரிமினலா என்று தெரியாமல் கிளம்பிப் போகிற இடத்தில். அது தெரியாதவரைத்தான் மிரட்ட முடியும். போனில் சொன்னால் உனக்கு நிற்காது, அதனால் எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன், அசல் கொரியரில் வரும்.

ஒருவன் உன்னை அடித்தால், திருடினால், வீடு புகுந்து மிரட்டினால், அது உனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம் என்று சட்டம் விட்டுவிடாது. அரசாங்கமே அதைத் தன் வழக்காக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கிரிமினல் வழக்கில் உன் பெயர் வாதியாக இருக்காது. நீ புகார்தாரர், அப்புறம் சாட்சி, அவ்வளவுதான். முடிவில் கிடைப்பது ஜெயிலோ அபராதமோ. சிவில் அப்படி இல்லை. இந்த நிலம் யாருடையது, இந்தப் பணம் யார் யாருக்குத் தரவேண்டும், இந்த வீட்டை யார் காலி செய்யவேண்டும் என்பதெல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள உரிமை. அதில் நீயே வாதி, செலவும் உன்னுடையது, தண்டனையாக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு. கிரிமினலில் நியாயமான சந்தேகம் ஒன்று மிச்சமிருந்தாலும் எதிரி விடுதலை. சிவிலில் இரண்டு பக்கத்தில் எது அதிகம் நம்பக்கூடியதோ அது ஜெயிக்கும்.

இப்போது உன் வரப்புக்கு வா. வரப்பு யாருடையது என்று தீர்மானிக்க இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் கிடையாது. டி.எஸ்.பி.க்கும் கிடையாது, எஸ்.பி.க்கும் கிடையாது. ஸ்டேஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், இந்தப் பக்கம் நீங்கள் இரண்டு தரப்பு, ஓரத்தில் "பேசி முடிச்சிருங்க" என்று சொல்ல நாலு பெரிய மனிதர்கள் என்று அங்கே நடப்பதற்குப் பெயர் விசாரணை இல்லை, கட்டப் பஞ்சாயத்து. சிவில் தகராறைக் கிரிமினலாக மாற்றிப் போலீஸை வைத்துத் தீர்க்கப் பார்ப்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கண்டித்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த மாதிரி "சமாதானத்தில்" எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அப்புறம் கோர்ட்டில் "நான் மனசார எழுதவில்லை" என்று நிரூபிக்க முடியாமல் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே நேரம் போலீசுக்கு இதில் வேலையே இல்லை என்றும் நினைக்காதே. வரப்பை வெட்டும்போது அம்மாவைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாரா, மண்வெட்டியை ஓங்கினாரா, சர்வே கல்லைப் பிடுங்கினாரா? அதெல்லாம் குற்றம். நிலம் யாருடையதாக இருந்தாலும் அது குற்றம்தான். நம் பக்கத்து எஃப்.ஐ.ஆர்.களில் 294 பி, 323, 506 என்ற மூன்று நம்பரையும் சேர்த்தே பார்த்துப் பழகியிருப்பாய். 2024 ஜூலை 1 முதல் அவை 296 பி, 115, 351 ஆகிவிட்டன. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். 420 என்று ஊரே சொல்வது இப்போது 318(4). கொலைக்கு 302 போய் 103. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டு நம்பரும் இன்னும் கொஞ்ச வருஷத்துக்குக் கூடவே நடக்கும்.

"நூத்தியேழு போட்டுருவேன்" என்று உன் அம்மாவிடம் அந்த ஏட்டு சொன்னதாகச் சொன்னாயே, அது என்னவென்று தெரிந்துகொள். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107, இப்போது 126. இரண்டு தரப்பும் சண்டை போட்டு ஊர் அமைதி கெடும் என்று தோன்றினால் ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக நடுவர் முன்னால் நிறுத்தி, அமைதியாக இருப்போம் என்று எழுதி வாங்குவது. தண்டனை இல்லை, உன் மேல் குற்றமும் இல்லை. நிலத்துக்காகவே அடிதடி வரும் நிலை என்றால் இன்னொரு பிரிவு இருக்கிறது, பழைய 145, இப்போது 164. அதிலும் அந்த அதிகாரி பார்ப்பது நிலம் யாருடையது என்பதை இல்லை, யார் கையில் அனுபவத்தில் இருக்கிறது என்பதை மட்டும். இதில் உனக்கு உதவுகிற ஒன்று: அதிகாரிக்குத் தகவல் போவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக ஒருவரை வெளியேற்றியிருந்தால், வெளியேற்றப்பட்டவரே அனுபவத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். வரப்பு போன வாரம்தான் வெட்டப்பட்டது. அதனால் காலம் தாழ்த்தாமல் எழுத்தில் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

புதன்கிழமை போவதா வேண்டாமா என்பதுதான் உன் முக்கியக் கேள்வி. போனில் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாட்சியாக விசாரிக்கக் கூப்பிடுவதானாலும் எழுத்தில் ஆணை வேண்டும். அப்போதும் ஒரு பெண்ணை, அவர் எந்த வயதாக இருந்தாலும், அவர் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் அப்படியே. இது புது நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர் என்று கூப்பிடுவதானால் 35(3) நோட்டீஸ் எழுத்தில் வரும். அதை மட்டும் மதித்துக் கட்டாயம் போக வேண்டும். சொன்னபடி ஆஜரானால் பொதுவாகக் கைது செய்ய மாட்டார்கள். சூரியன் மறைந்தபின், உதிப்பதற்கு முன், விதிவிலக்கான சூழ்நிலையும் நடுவரின் முன் அனுமதியும் இல்லாமல் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பதையும் அம்மாவிடம் சொல். அவள் ராத்திரி ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறாள் என்றாயே.

வீம்பு பிடித்து வீட்டிலேயே உட்காரச் சொல்லவில்லை. ஒரு பதில் எழுது. "மனுதாரர் சொல்வது எல்லைத் தகராறு, உரிமையியல் தன்மை கொண்டது. எங்களிடம் பத்திரமும் பட்டாவும் இருக்கின்றன. விசாரணை தேவையென்றால் என் தாயாரை வீட்டில் வைத்து விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு பக்கத்துக்குள். ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, நேரில் ஒன்று கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள். போகத்தான் வேண்டியிருந்தால் பகலில், துணையோடு போ. அப்புறம் இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்: புலன்விசாரணையில் நீ போலீசிடம் சொல்வதை அவர்கள் எழுதிக்கொண்டால், அதில் உன் கையெழுத்தை வாங்கக் கூடாது. 181-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பழைய சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைத்தாளில், பாதி எழுதிய தாளில், படித்துக் காட்டாத தாளில் அம்மாவோ நீயோ கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டாலும் போடாதீர்கள்.

மேற்குத் தோட்டக்காரர் மிரட்டியதும் திட்டியதும் உண்மையென்றால் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போ. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார். உன் மனக்குறையையும் இருபது வருஷக் கதையையும் எழுதாதே. வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேள். போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தப் புதுச் சட்டம் இடம் கொடுக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை உனக்கு உடனே, இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பு. அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 175(3)-ன் கீழ் மனுப்போடலாம். இந்த வரிசையை மாற்றிப் போனால் கோர்ட்டே திருப்பி அனுப்பும்; அதனால் ஒவ்வொரு படியிலும் ரசீதைப் பத்திரமாக வை.

எல்லைக்கு வழி ஸ்டேஷனில் இல்லை, தாலுகா ஆபீசில் இருக்கிறது. குற்றவியல் சட்டம் மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே கைவைக்கக்கூடிய பொதுப்பட்டியலில் வருகிறது. போலீசும் நிலமும் மாநிலப் பட்டியலில். அதனால்தான் நிலத்தைப் பொறுத்தவரை நமக்கென்றே தனிச் சட்டங்கள், தனி ஆபீஸ்கள். எல்லைக்கல் நடுவதற்கும் அளப்பதற்கும் 1923-லிருந்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் இருக்கிறது. அம்மா பெயரில் நில அளவைக்கு மனுப்போடு, கட்டணத்தைக் கட்டு. சர்வேயர் பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் கொடுத்துவிட்டு, புலப்பட நகலை வைத்துக்கொண்டு அளந்து அத்து காட்டுவார். அன்றைக்கு நீ கட்டாயம் நிலத்தில் நிற்க வேண்டும். மேற்குத் தோட்டக்காரரும் நிற்கட்டும். பாதி வரப்புத் தகராறு சங்கிலி இழுத்த அன்றைக்கே முடிந்துபோவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். வழக்கு நம்பர் ஆவதற்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான் இது.

பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதே. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்கு. உரிமைக்கு முதல் ஆதாரம் பத்திரம்தான். உன் அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, அடங்கலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்ற பதிவு என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு வழக்கு நிற்கும். பட்டாவும் அ-பதிவேடும் வீட்டிலிருந்தே அரசு இணையதளத்தில் பார்க்கலாம். உன் அப்பா பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கு எல்லையை இன்றைக்கே ஒருதடவை வாய்விட்டுப் படி. மேற்கு எல்லையாக யார் பெயர் இருக்கிறது என்று பார்.

அளந்தும் மேற்குத் தோட்டக்காரர் கேட்கவில்லையென்றால் முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப்போட வேண்டிவரும். உரிமையையே மறுத்தால் விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பும். அவர் சர்வேயரோடு வந்து அளப்பார். அந்த அறிக்கைக்குக் கனம் உண்டு. கோர்ட்டு மெதுவாகத்தான் நகரும், அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை அவர் நிலத்தில் கைவைக்க முடியாது. ஒருவேளை அவர் முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், நமக்குத் தெரியாமல் தடை வாங்கப் பார்க்கலாம். அதற்குக் கேவியட் மனு இருக்கிறது. போட்ட நாளிலிருந்து 90 நாளைக்கு, நம்மைக் கேட்காமல் உத்தரவு போடாதபடி காக்கும். புதன்கிழமைக்கு முன்னாலேயே போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

சம்மன் வந்தால் வாங்கு. இதை நான் எவ்வளவு பேரிடம் சொல்லியிருப்பேன். உன் அம்மா வழி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை, கோர்ட்டுக் கவரை வாங்காவிட்டால் வழக்கு நடக்காது என்று. நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து என் மேஜையில் விரித்தார். அமீனா வீட்டு வாசலில் ஒட்டிவிட்டுப் போனது. கட்டை எடுத்துப் பார்த்தேன். ரிஜிஸ்டர் கவரின் மேல் தபால்காரர் "வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதிப் போட்டிருந்த கையெழுத்து அப்படியே இருந்தது. மறுத்தால் சேர்ந்ததாகவே அர்த்தம். வாய்தா அன்று டவாலி வராந்தாவில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருப்பார், யாரும் இல்லை, எக்ஸ்பார்ட்டி. ஒருதலையாகத் தீர்ப்பாகி, நிறைவேற்று மனுவும் வந்துவிட்டது. ஒருதலைத் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்க 30 நாள்தான், அதற்குமேல் தாமதத்துக்குத் தனியாக மனு, தனியாகக் காரணம். அந்தப் பெரியவர் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கும் நிலைமையே வரவில்லை. சம்மன் வாங்கினால் பதிலுரை போட 30 நாள் உண்டு, கோர்ட் நீட்டித்தால் 90 நாள் வரை போகும். வழக்கு நம்பர் ஆனதும் சி.என்.ஆர். என்று 16 இலக்கம் ஒன்று கொடுப்பார்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, என்ன உத்தரவு என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் காத்துக்கிடக்க வேண்டாம்.

இனி அந்த இரண்டு லட்சம். வாங்கின பணத்தைத் திருப்பித் தராதது பாவமாக இருக்கலாம், அதனாலேயே அது மோசடிக் குற்றம் ஆகிவிடாது. பழைய தண்டனைச் சட்டத்தில் மோசடிப் பிரிவுக்குக் கீழே குட்டிக்கதை மாதிரி உதாரணங்கள் இருந்தன. அதில் ஒன்று அவுரிச் செடியைப் பற்றியது. ஒருவன் அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் அவன் மோசடிக்காரன். தரும் எண்ணத்தோடு வாங்கிவிட்டு, பிறகு பேச்சு மாறினால் அவன் மேல் சிவில் வழக்கு மட்டும்தான். நீல வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எழுதியது. ஆனால் சிவிலுக்கும் கிரிமினலுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. உச்ச நீதிமன்றமும் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்றுதான் இன்றுவரை கேட்கிறது. உன் சித்தப்பா மகன் முதல் வருஷம் வட்டி கொடுத்திருக்கிறான். கடை நொடித்த பிறகுதான் நின்றிருக்கிறது. இதில் 318 நிற்காது. பொய்யாக ஜோடித்துக் கொடுத்தால் நாளைக்கு அதை அவன் ஹைகோர்ட்டில் ரத்து செய்துவிட்டு வருவான், உன் பணமும் வராது.

உன்னிடம் புரோநோட்டு இருக்கிறது. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம் கெடு. தாண்டிவிட்டால் கடன் உண்மையாகவே இருந்தாலும் கோர்ட்டு வழியாக வசூலிக்க முடியாது. ஆனால் அந்தக் கெடுவுக்குள் அவன் ஏதாவது கொடுத்து, நோட்டின் முதுகில் தன் கையால் "இன்ன தேதியில் இவ்வளவு செலுத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். வட்டியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அம்மாவின் டைரியில் மட்டும் குறித்திருந்தால் அது போதாது. கெடு முடிகிற நாள் கோர்ட்டு விடுமுறையில் விழுந்தால், திறக்கிற முதல் நாள் தாக்கல் செய்யலாம்; மே மாதத்தில் இதற்காகவே கோர்ட்டு திறக்கும் அன்று கூட்டம் அலைமோதும். அவன் செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு. அதற்குப் பணம் இல்லையென்று வங்கி சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவனுக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செக் கிடையாது என்றாய், அதனால் விட்டுவிடு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே அவன் பேச வருவான் என்று நினைக்கிறேன். பண வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணத்தை 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு ஆறாயிரம். முன்பெல்லாம் இந்தக் கட்டணத்துக்குப் பயந்தே எத்தனையோ நோட்டுகள் பெட்டியில் கிடந்து காலாவதி ஆயின.

அம்மாவும் வட்டி வாங்கியிருக்கிறாள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2003-லிருந்து தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் வரும், ஜெயில்வரை போகும். நோட்டில் எழுதியிருக்கும் வட்டி எவ்வளவு என்று பார்த்துச் சொல்.

அண்ணன் விஷயம் எனக்கும் கஷ்டம்தான். அவன் கெட்டவன் இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை அவன்தான் பார்த்தான், அதை நீயும் மறக்க மாட்டாய். ஆனால் "பொம்பளப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி என்ன பங்கு" என்று அவன் வீட்டில் பேசியதாகச் சொன்னாயே, அது சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. அந்த நிலம் உன் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீ, மூவருக்கும் சரிபங்கு. கல்யாணம் ஆனதா, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் இன்று அதே கதைதான். மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது, அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களை மட்டும் விட்டுவிட்டது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில், 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதே தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நம் மாநிலம் முன்னால் நடந்த இடம் இது. எனக்கு அதில் பெருமை உண்டு. எனக்கும் உன் அம்மாவுக்கும் எங்கள் அப்பா வீட்டில் யாரும் இப்படிக் கேட்கக்கூட இடம் கொடுக்கவில்லை.

விடுதலைப் பத்திரம் என்றால் உன் பங்கை நீயாகவே அவனுக்கு விட்டுக்கொடுக்கிறாய் என்று அர்த்தம். சார்பதிவாளர் முன்னால் விரல்ரேகை வைத்து, போட்டோ பிடித்து, பதிவாகிவிட்டால் அப்புறம் "அவசரத்தில் போட்டுவிட்டேன்" என்பது எடுபடாது. மனசாரக் கொடுக்க நினைத்தால் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வரப்புத் தகராறு நடக்கும்போது, "கேஸ் நடத்த ஒரே பேர்ல இருந்தா வசதி" என்ற காரணத்துக்காகப் போடாதே. அவன் சொல்வது தப்பு; மூன்று பேரும் சேர்ந்தே வழக்குப்போடலாம், அண்ணனுக்கு நீங்கள் இருவரும் அதிகாரப் பத்திரம் கொடுத்தாலே போதும். அம்மா அவளுடைய மூன்றில் ஒரு பங்கை அவள் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நான் அவளிடம் நேரிலும் சொல்லப்போகிறேன்.

செலவுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு, 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அப்படி. உங்கள் தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். அங்கே மனுக்கொடுத்தால் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். சித்தப்பா மகன் விஷயத்தை லோக் அதாலத்தில் பேசி முடித்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஸ்டேஷன் மேஜையில் முடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே எழுதப்படுவது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம்.

நேரம் கிடைக்கும்போது இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தைத் திறந்து பார். மத்தியச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டமும் அதில் கிடக்கின்றன. முழுக்கப் படிக்க வேண்டாம். முதலில் இருக்கும் விளக்கப் பிரிவு, அப்புறம் உனக்கு வேண்டிய பிரிவு, அதன் கீழே இருக்கும் விதிவிலக்கு. விதிவிலக்கைப் படிக்காமல் யாரிடமும் சட்டம் பேசாதே. நீ பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள், இது உனக்குக் கஷ்டமே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். வெட்டின வரப்பை நாலு பக்கமும் இன்றைக்கே போட்டோ எடு. புரோநோட்டை முன்னும் பின்னும் எடுத்து எனக்கு உடனே அனுப்பு. அதில் எழுதிய தேதி எனக்கு இன்று ராத்திரிக்குள் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியம்மா.